கடல் கடந்தால் கடன் தீருமா?

பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த அந்த நிமிடமே ஊரில் வாங்கிய கடன்களெல்லாம் கழிந்துவிட்டன என்று எண்ணும் போக்கு நம் இளைஞர்களிடம் பரவி வருகிறது. ஜமாஅத் தொழுகையில் முன் வரிசையில் நிற்பவர்கூட, பழைய பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். வேதனையான இந்த நிலையைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் இருக்கும் நமது தவளக்குப்பம் ஒன்றும் பெரிய நகரமல்ல. ஆனாலும் கடனுக்கு இங்கே பஞ்சமில்லை. செல்போனா? தவணை. பைக்கா? தவணை. தங்கையின் திருமணத்துக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினுமா? அதுவும் தவணை. பாக்கெட்டில் கிரெடிட் கார்டு, நிதி நிறுவனத்தில் நகைக் கடன், மளிகைக் கடையில் பற்று, ஜவுளிக் கடையில் பாக்கி, சீட்டு எடுத்த பணத்தில் மிச்சம். இவை போதாதென்று விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் மாமாவிடமும் நண்பனிடமும் கைமாற்று. இத்தனையையும் தலையில் சுமந்து கொண்டுதான் நம் பிள்ளைகள் துபாய்க்கும், சவூதிக்கும், குவைத்துக்கும், சிங்கப்பூருக்கும், புதுச்சேரிக்கே உரிய வழியில் பிரான்சுக்கும் விமானம் ஏறுகிறார்கள்.

பயணம் போவதில் தவறில்லை. ஹலாலான ரிஸ்கைத் தேடிக் கடல் கடந்தவர்கள்தாம் நம் முன்னோர்கள். போன பிறகு நடப்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. முதல் மூன்று மாதம் பணம் வருகிறது. நான்காம் மாதம் "சம்பளம் தாமதம்" என்கிறார்கள். ஆறாம் மாதம் போன் நம்பர் மாறுகிறது. கடன் கொடுத்தவரின் எண் வாட்ஸ்அப்பில் தடுக்கப்படுகிறது. அதன் பிறகு வாசலில் வந்து நிற்கும் வசூல்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? வயதான அத்தாவும், வாய் பேசத் தெரியாத அம்மாவும், நம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்ட பால்ய நண்பனும்தான்!

ஹிஜ்ரத் காட்டும் வழி

ஊரை விட்டுப் புறப்படுபவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நாம் எங்கும் போய் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. மனித வரலாற்றின் மகத்தான பயணமாகிய ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களைக் கொல்வதற்கு மக்கத்துக் குறைஷிகள் வாளோடு வீட்டைச் சூழ்ந்து நின்ற இரவு. அந்த இக்கட்டிலும் அண்ணலார் செய்த ஏற்பாடு என்ன? தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். அந்த அமானிதங்களுக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் இஸ்லாத்தை ஏற்காதவர்கள். "இவர்கள் எங்கள் எதிரிகள், எங்கள் வீடுகளைப் பறித்தவர்கள், இவர்கள் பொருளைத் திருப்பித் தரத் தேவையில்லை" என்று சொல்லியிருந்தால் உலகம் குறை கூறியிருக்காது. ஆனால் அல்லாஹ்வின் தூதர் அப்படிச் செய்யவில்லை. அலீ (ரலி) அவர்கள் கணக்கை முடித்துவிட்டுத்தான் மதீனா வந்து சேர்ந்தார்கள்.

பனூ இஸ்ராயீல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அல்லாஹ்வையே சாட்சியாகவும் ஜாமீனாகவும் வைத்து அவர் ஆயிரம் தீனார் கடன் வாங்கினார். கடல் கடந்து போனார். தவணை நாள் வந்தபோது திரும்பி வரக் கப்பல் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார்? ஒரு மரக்கட்டையைக் குடைந்து, ஆயிரம் தீனாரையும் ஒரு கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்து, துஆச் செய்து கடலில் விட்டார். அக்கரையில் கப்பலை எதிர்பார்த்து நின்ற கடன்காரர் விறகுக்கு ஆகுமென்று அக்கட்டையை எடுத்துப் போய்ப் பிளந்தபோது பணமும் கடிதமும் கிடைத்தன. பிறகு கப்பல் கிடைத்ததும், கட்டை போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று மீண்டும் ஆயிரம் தீனாரோடு வந்து நின்றார் அந்த மனிதர்!

சிந்தித்துப் பாருங்கள். கப்பல் இல்லாத நாளில் மரக்கட்டையில் பணம் அனுப்பினார் அவர். கையில் இருக்கும் போனை நான்கு முறை தட்டினால் ரியாதிலிருந்து தவளக்குப்பத்துக்குப் பணம் வந்துவிடும் காலத்தில் இருக்கிறோம் நாம். நமக்குக் குறைவது கப்பலா, கல்பா?

தெருவில் உலவும் சமாதானங்கள்

கடனை மறந்தவர்களிடம் கேட்டால் நான்கு சமாதானங்கள் சொல்கிறார்கள். நான்கையும் ஒவ்வொன்றாக எடை போடுவோம்.

முதல் சமாதானம்: "மூன்று வருடம் தாண்டினால் கடன் காலாவதி." சட்டத்தைப் பாதி படித்ததால் வந்த பேச்சு இது. 1963 ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் சாதாரணப் பணக் கடனுக்கு மூன்றாண்டு வரம்பு வைத்திருப்பது உண்மைதான். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டத்தில் முப்பது ஆண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. பிரான்சிலேயே அந்தப் பொது வரம்பை 2008 இல் ஐந்து ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். புதுச்சேரியில் இன்று நடப்பது இந்தியச் சட்டமே.

ஆனால் அதே சட்டத்தின் 15 ஆவது பிரிவின் 5 ஆவது உட்பிரிவைப் பலர் அறியவில்லை. கடன்பட்டவர் இந்தியாவில் இல்லாத காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அது சொல்கிறது! அதாவது, நீங்கள் பத்தாண்டு துபாயில் இருந்தால் அந்தப் பத்தாண்டும் கடிகாரம் ஓடாமல் நிற்கிறது. ஊரில் இருப்பவனுக்காவது மூன்றாண்டு கணக்கு ஓடும். பயணம் போனவனுக்கு அதுவும் ஓடாது. இடையில் ஒரு தவணை கட்டினாலோ, பாக்கி உண்டென்று எழுதிக் கையெழுத்திட்டாலோ கணக்கு புதிதாகத் தொடங்கும். அது மட்டுமல்ல. காலம் கடந்துவிட்டால் வழக்குப் போடும் வாசல் அடைபடுமே தவிர, கடன் என்பது இல்லாமல் போவதில்லை. காலாவதியான கடனையும் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். மனிதன் எழுதிய சட்டமே கடனை அழிக்கவில்லை என்றால், மறுமையின் நீதிமன்றத்தில் எந்தக் காலாவதிச் சட்டத்தைக் காட்டப் போகிறோம்?

இரண்டாம் சமாதானம்: "வளைகுடாவில் வாங்கிய கடனுக்கு இங்கே வந்து என்ன செய்வான்?" ஊரில் வாங்கிய கடனோடு போய், அங்கே அதைவிடப் பெரிய கடனை வாங்கி, அதை விட்டுவிட்டு ஊர் திரும்புபவர்கள் சொல்வது இது. அமீரகத்தின் மத்திய வங்கி 2011 இல் வகுத்த விதிப்படி ஒருவருக்கு மாதச் சம்பளத்தைப் போல இருபது மடங்கு வரை தனிநபர் கடன் கொடுக்கலாம். அதை 48 மாதத்தில் அடைக்க வேண்டும். 5,000 திர்ஹம் சம்பளக்காரர் கையில் ஒரு லட்சம் திர்ஹம் வந்து விழுந்தால் தலை சுற்றத்தானே செய்யும்? ஊரில் மாடி வீடு எழும்புகிறது. பிறகு வேலை போகிறது. செல்போனை அணைத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

அந்தக் காலமும் முடிந்துவிட்டது. 2020 ஜனவரி 17 அன்று இந்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் அமீரகமும் சேர்க்கப்பட்டுவிட்டது. துபாய் நீதிமன்றம் கொடுத்த பணத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இந்த நீதிமன்றமே கொடுத்த தீர்ப்பைப் போல நிறைவேற்றலாம். சொத்தை ஜப்தி செய்யவும் வழியுண்டு. சிங்கப்பூரும் இங்கிலாந்தும் அப்பட்டியலில் நெடுங்காலமாகவே இருக்கின்றன. பிரான்சும் சவூதியும் அதில் இல்லை. அப்படிப்பட்ட நாட்டுத் தீர்ப்பை வைத்து இங்கே தனியாக வழக்குத் தொடர வேண்டும், அவ்வளவுதான். நோட்டீஸே கொடுக்காமல் ஒருதலைப்பட்சமாகப் பெற்ற தீர்ப்பு என்றால் எதிர்த்து வாதாடும் உரிமை 13 ஆவது பிரிவில் இருக்கிறது. அது அநியாயத்துக்கு உள்ளானவருக்கான கேடயம். ஏமாற்றுபவனுக்கான பதுங்குகுழி ஆகாது.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2024 டிசம்பரில், குவைத்தின் கல்ஃப் பேங்க் கேரளப் போலீஸாரிடம் புகார் கொண்டு வந்தது. அங்கே வேலை பார்த்த சுமார் 1,400 மலையாளிகள், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நர்ஸுகள், சுமார் 700 கோடி ரூபாய் கடனை அடைக்காமல் போய்விட்டார்கள் என்பது புகார். முதலில் சிறிய கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி நம்பிக்கையைப் பெற்று, பிறகு பெரிய தொகையை வாங்கிக் கொண்டு கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பலர் இடம் பெயர்ந்தார்கள் என்று வங்கி கூறியது. எர்ணாகுளம், கோட்டயம் மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. குற்றம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் வங்கியின் ஆள் கடல் தாண்டி வந்து காவல் நிலையத்துப் படியேறினார் என்பதே நமக்குப் பாடம். மகன் கனடாவில் இருக்க, போலீஸ் வந்து நிற்கும் வாசல் பெற்றோரின் வாசல் அல்லவா? அடுத்து நர்ஸ் வேலைக்குப் போகும் நேர்மையான பெண்ணுக்குக் கடன் கேட்டால் எந்த வங்கி முகம் கொடுத்துப் பேசும்?

மூன்றாம் சமாதானம்: "வட்டி ஹராம். அதனால் கட்ட மாட்டேன்." இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, மார்க்கத்தின் பெயரால் வருவது. சகோதரா! வட்டி ஹராம் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இந்த ஹராம் எங்கே போயிருந்தது? பணத்தை எண்ணி வாங்கும்போது வராத பேணுதல், திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் வருமானால் அதற்குப் பெயர் தக்வா அல்ல. அசல் அமானிதம். அதில் ஒரு ரூபாய் குறைக்கவும் நமக்கு உரிமையில்லை. வட்டியில் மாட்டிக் கொண்டவர் செய்ய வேண்டியது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அந்தச் சேற்றிலிருந்து வெளியேறுவது. வட்டியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கும்படி பேசி முடிப்பது. இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று தவ்பாச் செய்வது. ஓடி ஒளிவதால் வட்டி குறைவதில்லை, வளர்கிறது! கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் என்று வைத்துக் கொண்டால், ஒரு லட்சம் ரூபாய் இருபத்து நான்கே மாதத்தில் இரண்டு லட்சமாகிவிடும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் சொன்ன தீர்ப்பையும் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வட்டிக்கு அஞ்சுபவன் முதலில் கட்ட வேண்டிய கடன் கிரெடிட் கார்டு கடன்தான்.

நான்காம் சமாதானம்: "இல்லாதவனிடம் எதைப் பிடுங்குவார்கள்?" உண்மையிலேயே இல்லாதவர் என்றால் அவருக்கு மார்க்கமும் இடம் கொடுக்கிறது, சட்டமும் இடம் கொடுக்கிறது. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக் கொடுப்பது மேலும் நல்லது என்றும் அல்பகரா அத்தியாயம் போதிக்கிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிமொழி கண்டிக்கிறது. கொச்சி வங்கிக்கு எதிரான ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980 இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பிலும் இதே வேறுபாட்டைக் காணலாம்: கட்ட வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக்கூடாது, கையில் வைத்துக் கொண்டே தீய எண்ணத்தோடு மறுப்பவன் கதை வேறு. வாங்கும்போதே திருப்பித் தரும் எண்ணமில்லை என்றால் அது கடனல்ல, மோசடி. திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கியவனுக்கு அல்லாஹ் வழி திறப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். ஆக, எல்லாம் நிய்யத்தில் இருக்கிறது. மாதம் ஐநூறு ரூபாய் அனுப்பினாலும் அந்த நிய்யத்துக்கு அது சாட்சி.

புறப்படுவதற்கு முன்

பயணத்துக்குப் பெட்டி கட்டும் இளைஞனே! பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை வைப்பதற்கு முன் ஒரு தாளை எடு. யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், என்ன தவணை என்று எழுது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்பதை மறந்துவிடாதே. ஒரு பிரதியை வீட்டில் கொடு. ஒன்றை உன்னோடு வைத்துக் கொள்.

அடுத்து, உனக்கென்று ஓர் 'அலீ'யை நியமித்துவிட்டுப் போ. அத்தாவோ, அண்ணனோ, மச்சானோ, நம்பிக்கையான ஒருவர். வங்கிக்குப் போகவும், பேசவும், கையெழுத்திடவும் அவருக்குப் பவர் எழுதிக் கொடு. போன பிறகு எழுதுவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கடன் கொடுத்தவர்களிடம் நேரில் போய், "நான் பயணம் போகிறேன், இன்னார் உங்களுக்குப் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் போவதுதான் பாதிப் பகையை உண்டாக்குகிறது.

நிதி நிறுவனத்தில் கொடுத்த செக்குகளை மறந்துவிடாதே. கடன் கட்டாதது சிவில் விவகாரம். ஆனால் செக் திரும்பினால் 138 ஆவது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ வரலாம். கணக்கில் பணமின்றித் தானியங்கித் தவணை திரும்பினாலும் 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதே கதிதான்.

ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பனை நினைத்துப் பார். ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆவது பிரிவுப்படி உன்னுடைய பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் அவனுடையது. உன்னைத் தேடிப் பிடித்த பிறகுதான் அவனிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை. நேராக அவனிடமே வரலாம். நீ ஷார்ஜாவில் பிரியாணி சாப்பிடும் நேரத்தில், உனக்காகக் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு அவன் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. இதைவிடப் பெரிய துரோகம் உண்டா?

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு

போய் ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. யாருக்கு எவ்வளவு என்பதே நினைவில்லை என்பவர்கள் முதலில் கணக்கை அறியட்டும். சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி. எந்த வங்கியில் என்ன பாக்கி என்று அதில் தெரிந்துவிடும். வங்கிக் கணக்குக்கு வராத கைமாற்றும் கடைப் பற்றும் உங்கள் மனசாட்சி என்ற அறிக்கையில் இருக்கின்றன.

பிறகு வங்கிக்கு எழுதுங்கள். முதலில் முழுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். கணக்கைப் பார்க்காமல், அவர்கள் சொல்லும் தொகைக்குக் கண்ணை மூடிக் கையெழுத்திடாதீர்கள். தாமதத்துக்காக அபராத வட்டி போடுவதையும், அபராதத்தின் மேல் வட்டி ஏற்றுவதையும் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி தடை செய்து, 2024 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே தவணையில் முடிப்பதாகச் சொன்னால் பல வங்கிகள் குறைத்துக் கொள்கின்றன. குறைத்த தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். வங்கிக் கணக்கில் கட்டுங்கள். ஏஜெண்டின் கையில் கொடுக்காதீர்கள். "கமிஷன் கொடு, உன் கடனை முடித்துத் தருகிறேன்" என்று போனில் பேசுபவனை நம்பாதீர்கள். முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். குறைத்துக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கும். முழுவதும் கட்டினால் 'க்ளோஸ்டு' என்று வரும். நாளை ஊரில் கடை வைக்கக் கடன் கேட்கும்போது இந்த ஒரு சொல் வித்தியாசம் பேசும்.

வீட்டில் இருப்பவர்களும் தங்கள் உரிமையை அறிந்து கொள்ள வேண்டும். கையெழுத்துப் போடாத தாய் தந்தையர் மகனின் கடனைத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்து அவமானப்படுத்தக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே முறையிடலாம். ஆனால் ஒன்று: வசூல்காரனின் அத்துமீறலை எதிர்க்கும் அதே வாய், மகனிடம் "கடனைக் கட்டு" என்றும் சொல்ல வேண்டும். "அவன் அங்கே கஷ்டப்படுகிறான்" என்று மறைத்துப் பேசும் தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் மறுமைக்குத் தாங்களே குழி வெட்டுகிறார்கள்.

வணிகப் பெருமக்களுக்கு

கடன் கொடுத்த நம் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்துவிட்டு, முகம் மறைந்த பிறகு புலம்புவதில் பயனில்லை. சிறு தொகையானாலும் எழுதி வாங்குங்கள். பற்று நோட்டில் வாடிக்கையாளரிடமும் ஒரு கையெழுத்து வாங்குவது அவநம்பிக்கை ஆகாது. அது அல்லாஹ்வின் கட்டளை. கடனாளி கடல் கடந்துவிட்டால், ஆண் துணையில்லாத வீட்டு வாசலில் நின்று சத்தம் போடாதீர்கள். பள்ளிவாசல் வாசலில் பெயரைச் சொல்லி மானத்தை வாங்காதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகளை நடுவில் வைத்து, மாதத் தவணையாகப் பேசி எழுதிக் கொள்ளுங்கள். உண்மையிலேயே நொடித்துப் போனவர் என்று தெரிந்தால் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள். அது உங்கள் கல்லாவில் குறையலாம்; உங்கள் ஏட்டில் குறையாது.

ஜமாஅத்தின் பொறுப்பு

கடன்பட்டு இறந்தவருக்குத் தொழ வைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழ வைத்தார்கள். பின்னாளில் வெற்றிகள் கிடைத்து வசதி வந்தபோது, கடன்பட்டு இறப்பவர்களின் கடனைத் தாமே ஏற்றுக் கொண்டார்கள். தனி மனிதனின் கடன் சமுதாயத்தின் கவலையுமாகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் ஒரு பிரிவினர். ஆனால் நம் ஊர்களில் பைத்துல்மால் என்றால் பெருநாள் அரிசியும் சேலையும் என்று ஆகிவிட்டது. விசாவுக்கு வட்டிக்குப் பணம் வாங்கி, அந்த வட்டியே முதல் இரண்டு வருட உழைப்பை விழுங்கும் இளைஞர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் நிலைத்துவிட்ட சகோதரர்கள் ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால், புறப்படும் இளைஞனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கவும், அவன் திருப்பித் தந்ததை அடுத்தவனுக்குக் கொடுக்கவும் ஒரு நிதி உருவாகும். பயணம் போகும் ஒவ்வொருவரும் தம் கடன் பட்டியலை மூடிய உறையில் ஜமாஅத்தில் ஒப்படைத்துச் செல்லும் வழக்கத்தையும் தவளக்குப்பத்திலிருந்தே நாம் தொடங்கலாம். இதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டாம். நான்கு பேரின் மனம் இருந்தால் போதும்.

நம் ஊரில் ஜனாஸா தொழுகைக்கு முன் வாரிசு ஒருவர் எழுந்து, "மய்யித்துக்கு யாரிடமாவது கடன் இருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு" என்று அறிவிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஜுபைர் (ரலி) அவர்கள் 22 லட்சம் கடனோடு ஷஹீதானபோது, அவர் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கடன்களை அடைத்தார்கள். அதன் பிறகும் சொத்தைப் பங்கிடாமல், கடன் கொடுத்தவர்கள் எவரேனும் விடுபட்டிருந்தால் வரட்டும் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்துக் கொண்டேயிருந்தார்கள். பங்கு பிரிப்பதற்கு முன் கடன் என்பது குர்ஆன் வகுத்த வரிசை. ஆனால் அந்நிய மண்ணில் மவ்த்தாகி, அங்கேயே அடக்கமாகும் நம் பிள்ளைக்காக யார் எழுந்து அறிவிப்பார்? அவன் கடன் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? விபத்தோ மாரடைப்போ பட்டியல் எழுத அவகாசம் தந்துவிட்டு வருவதில்லையே!

எனவே சகோதரர்களே! இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் பங்கைப் பழைய கடனுக்கு ஒதுக்குங்கள். வீட்டு மாடி காத்திருக்கும். புதுப் போன் காத்திருக்கும். மலக்குல் மவ்த் காத்திருக்க மாட்டார். பேச அஞ்சி நம்பரை மாற்றியவர்கள் இன்று இரவே ஒரு போன் செய்யுங்கள். "மறக்கவில்லை, மெல்ல மெல்ல அடைக்கிறேன்" என்ற ஒரு வார்த்தை போதும், எத்தனையோ வருடத்துக் கோபம் தணிந்துவிடும். கடனற்றவர்களாக வாழ்ந்து, கடனற்றவர்களாக மரணிக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!